மூன்றாம் மாடித் தண்ணீர்

அத்தியாயம் 11: பெருமாள் குழாய்

ஐந்து மாதமாக ஏறாத பதினெட்டுப் படிகளை ஏறி, நூர்பானு வீட்டு அழைப்பு மணியைக் காஞ்சனா அழுத்தியதோடு போன வாரம் விட்டிருந்தோம். கதவு திறந்ததா, திட்டு விழுந்ததா என்று கேட்டு எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கதவு திறந்தது. திட்டு விழவில்லை. நூர்பானு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கா?"

காஞ்சனா, "நாளைக்குக் காலையில பிளம்பர் பெலிக்ஸை வரச் சொல்லு பானு. அவன் சொன்ன கலர் டெஸ்டைப் பாத்துருவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

புதிதாக வந்து உட்காருபவர்களுக்கு நாலு வார்த்தை. ராஜபாளையத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு. இரண்டாம் மாடியில் ஆராவமுதன், அவர் மனைவி காஞ்சனா, மகள் ஸ்ரீப்ரியா. நேர் மேலே, மூன்றாம் மாடியில் நூர்பானுவும் அவள் கணவர் சேக் முகைதீனும். அவருக்குப் பஜாரில் செருப்புக்கடை.

முன்பெல்லாம் மேல் பால்கனியிலிருந்து நைலான் கயிற்றில் ஒரு சின்ன வாளி இறங்கும். கறிவேப்பிலை இறங்கும், கடன் வாங்கிய இட்லித் துணி ஏறும், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வாங்கிய வார இதழ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்ரீப்ரியாவின் அறைக் கூரை சொட்ட ஆரம்பித்த அன்று அந்த வாளி நின்றது.

மேல் வீட்டுக் குளியலறைதான் காரணம் என்று ஆராவமுதன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். குடியிருப்போர் சங்கமும் தலையாட்டியது. நூர்பானு தன் குளியலறைத் தரையை முழுக்கக் கொத்திப் புதிதாகப் போட்டும் பார்த்தாள். சொட்டு நிற்கவில்லை. விஷயம் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்துச் சமரச மையம் வரைக்கும் போய், மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பேச்சுவார்த்தை. அங்கே பேச்சு நூர்பானுவுக்குச் சாதகமாக முடியாவிட்டால் சங்கம் மூன்றாம் மாடிக்குத் தண்ணீரை நிறுத்திவிடும். "அந்த அவமானத்தை வேற பாக்கணுமா? வீட்டை வித்துட்டுப் போயிருவோம்" என்று சேக் முகைதீன் சொல்லிவிட்டார். புரோக்கரிடம் பேசியும் வைத்துவிட்டார்.

நூர்பானு மட்டும் அசையவில்லை. "செய்யாத தப்புக்கு ஊரை விட்டுப் போகச் சொல்லுதீயளா?" என்று கேட்டவள் அவள்.

மறுநாள் காலை ஏழு மணி. ஆராவமுதன் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, மனு இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு முப்பது வருடம் ஆகிறது. எழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதியதை மாற்றச் சொன்னால் மட்டும் முகம் சுண்டிப்போகும்.

"தாயாரைச் சேவிச்சுட்டு அப்படியே கோர்ட்டுக்குப் போயிருதேன். நீ பத்தே முக்காலுக்கெல்லாம் வந்துரு. நீயும் கையெழுத்துப் போடணும்."

"வாரேன்" என்றாள் காஞ்சனா. தபால் ஆபீசுக்கு லீவு சொல்லியாகிவிட்டது. எதற்கு லீவு என்பதைத்தான் அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை.

கீழே சங்கச் செயலாளர் நவநீதகிருஷ்ணன் ஹாரன் அடித்தார். கார் தெருமுனை திரும்பியதும் பெலிக்ஸின் பைக் உள்ளே வந்தது. அந்த அளவுக்கு நேரம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள் காஞ்சனா. கட்டிய புருஷனுக்குத் தெரியாமல் பிளம்பரை வரவழைக்கும் நிலைமை ஒரு பெண்ணுக்கு வரக்கூடாதுதான். வந்துவிட்டது, என்ன செய்ய?

பெலிக்ஸின் முறை எளிமையானது. சந்தேகப்படுகிற இடத்தில் சொட்டு நீலத்தைக் கலந்து தண்ணீர் விடுவான். கீழே நீலமாகச் சொட்டினால் குற்றவாளி அகப்பட்டான். வெறும் தண்ணீராகவே சொட்டினால் அவன் நிரபராதி. இதை அவன் இரண்டு மாதம் முன்பே சொன்னான். "தண்ணி மேலயிருந்து கீழதான் வரும். இதுக்கு ஒரு பரிசோதனையா?" என்று ஆராவமுதன் விரட்டிவிட்டார்.

நூர்பானு வீட்டுக் குளியலறையின் வடிகாலை அடைத்து, இரண்டு வாளி நீலத் தண்ணீரைத் தேக்கினான் பெலிக்ஸ். பிறகு ஒவ்வொரு குழாயடியிலும் நீலம் விட்டான். ஸ்ரீப்ரியா தன் அறையில் சொட்டு விழும் இடத்தில் ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. ஐந்து மாதமாகக் கட்டிலையும் மேசையையும் ஈரம் படாத மூலைக்கு நகர்த்தி நகர்த்தி, இப்போது கதவுக்குப் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. தட்டில் விழுந்தது வெறும் தண்ணீர்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் நூர்பானு. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடக் காஞ்சனாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சரிக்கா, மாடிக்கு மேல போய்ப் பாப்போம்" என்று பெலிக்ஸ் மொட்டைமாடிக்கு ஏறினான். பெண்கள் இருவரும் பின்னால் போனார்கள்.

பெரிய தொட்டிக்குப் பின்னால், சுவரோரமாக, தார்ப்பாய் போர்த்திய சின்ன டேங்க் ஒன்று இருந்தது. தார்ப்பாயை விலக்கினான். டேங்கின் நெற்றியில் அழகான நாமம்.

"இது யாருதுக்கா?"

"அதுவா? அது பெருமாளுது" என்றாள் காஞ்சனா, அதோடு விஷயம் முடிந்தது என்கிற மாதிரி.

அந்த வீட்டில் அது அப்படித்தான். பொதுத் தொட்டியில் போர்த் தண்ணீர் கலக்கிறது, நாலு வீட்டுக் கை படுகிறது, அதில் பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்வதும் தளிகை சமைப்பதும் கூடாது என்று ஆராவமுதன் இரண்டு வருடம் முன்பு செய்த ஏற்பாடு. நகராட்சித் தண்ணீர் வருகிற நாளில் சின்ன மோட்டார் போட்டு அதில் மட்டும் ஏற்றிக்கொள்வார். அதிலிருந்து தனிக் குழாய் இறங்கிப் பூஜை அறைக்கு வரும். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பெருமாளுக்கு எவன் அனுமதி கொடுப்பது? நவநீதகிருஷ்ணனே மாடிக்கு வந்தால் அந்த டேங்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

ஐந்து மாதத்தில் கட்டடத்திலுள்ள அத்தனை குழாயையும் எல்லோரும் சந்தேகப்பட்டாயிற்று. இதை ஒருவரும் நினைக்கவில்லை. அதைக் குழாய் என்றே யாரும் நினைத்ததில்லை.

"பெருமாளுதுன்னாலும் பைப்பு பிளாஸ்டிக்தானக்கா?" என்றான் பெலிக்ஸ். "இது எந்த வழியா இறங்குது?"

காஞ்சனா கை நீட்டிக் காட்டினாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. வெளியிலிருந்து கொத்திப் பதித்த அந்தக் குழாய் நூர்பானு வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் புகுந்து, ஸ்ரீப்ரியா அறைக் கூரையை ஒட்டித்தான் பூஜை அறைக்கு வந்தது.

அடுத்து அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. 'இப்பல்லாம் பெருமாள் டேங்கு ரெண்டே நாள்ல காலியாகுது. மேல இருக்கவங்க யாரோ மோந்துக்கிட்டுப் போறாங்க' என்று இவர் புலம்பிக்கொண்டிருந்தாரே. கூரை இரண்டு மூன்று நாள் சொட்டும், பிறகு இரண்டு நாள் ஓய்ந்திருக்கும். மேல் வீட்டில் அன்றைக்கெல்லாம் யாரும் குளிக்கவில்லை போல என்று இவளே ஏளனம் பேசியிருக்கிறாள். நகராட்சித் தண்ணீர் வந்த மறுநாள்தான் சொட்டு ஆரம்பிக்கும். நேற்றுத் தண்ணீர் வந்தது.

"நீலம் தீந்து போச்சேக்கா" என்று பெலிக்ஸ் பாட்டிலைக் குலுக்கினான்.

காஞ்சனா ஒரு நொடிதான் யோசித்தாள். "மஞ்சத்தூள் கரைச்சுக் கொண்டாரேன்."

"பெருமாள் தண்ணியிலயாக்கா?" நூர்பானு தயங்கினாள். "அண்ணாச்சி கோவப்படுவாரே?"

"திருமஞ்சனத்துக்கு மஞ்சள் ஆகாதா என்ன? நீ வா."

அரைப்படி மஞ்சளை வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, காஞ்சனாவே தன் கையால் டேங்கில் ஊற்றினாள். ஊற்றும்போது வாய்க்குள் என்னமோ சொல்லிக்கொண்டாள். மன்னிப்பா, வேண்டுதலா என்று எனக்குத் தெரியாது. அவளையும் கேட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டாள்.

ஒன்பதரை. தட்டில் வெறும் தண்ணீர். ஒன்பதே முக்கால். வெறும் தண்ணீர். பத்து அடிக்கப் போனது. இதற்குமேல் நின்றால் பதினொரு மணிக்குப் போய்ச் சேர முடியாது.

"நீங்க போங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்று ஸ்ரீப்ரியா தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

பேருந்தில் காஞ்சனாவும் நூர்பானுவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.  சேக் முகைதீன் கடையைத் திறந்து வைத்துவிட்டு, "நீயே போய்ட்டு வா. எனக்கு அங்க நின்னு தலைகுனிய ஏலாது" என்று சொல்லிவிட்டாராம். மில்லுகள் பின்னால் போயின. காஞ்சனா போனைக் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

மம்சாபுரம் விலக்கு நிறுத்தத்தில் கூட்டம் ஏறியபோது போன் அடித்தது.

"அம்மா!" ஸ்ரீப்ரியா கத்தியது பக்கத்துச் சீட்டுக்கே கேட்டது. "மஞ்சள்ம்மா! தட்டு பூரா மஞ்சள்! போட்டோ அனுப்பிருக்கேன், வீடியோவும் எடுத்துட்டேன். பெலிக்ஸண்ணன் அந்த டேங்கு வால்வை அடைக்கப் போயிருக்காரு!"

காஞ்சனா படத்தைத் திறந்து நூர்பானுவிடம் நீட்டினாள். வெள்ளைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாய்ச் சொட்டுகள்.

நூர்பானு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து நின்றாள். ஓடுகிற பேருந்தில் எதற்காக எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"என்னம்மா, இறங்கணுமா?" என்றார் கண்டக்டர்.

"எங்க வீட்டுத் தண்ணி இல்லையாம்ணே!"

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லதும்மா. உக்காருங்க, பிரேக் போட்டா விழுந்துருவீய."

இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக் குழந்தை பயந்து திரும்பிப் பார்த்தது. சிரித்துச் சிரித்து நூர்பானுவின் கண்ணில் நீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதை அங்க நான் சொல்லட்டுமாக்கா? இல்ல நீங்க சொல்லுதீயளா?"

நியாயமான கேள்வி. சொன்னால் அந்தச் சபையில் தலைகுனியப் போவது காஞ்சனாவின் புருஷன். காஞ்சனா தூரத்தில் தெரிந்த கோபுரத்தைப் பார்த்தாள்.

"எழுதுனது அவிய. அவியளே சொல்லட்டும்."

"சொல்லலேன்னா?"

"பொறவு நான் இருக்கேன்."

நீதிமன்ற வளாகத்தில் ஆராவமுதன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். மனைவியும் மேல் வீட்டுக்காரியும் சேர்ந்து நடந்து வருவதைப் பார்த்ததும் அவர் புருவம் நெற்றித் திருமண்ணைத் தொட்டது.

காஞ்சனா அவரைத் தனியாக அழைத்துப்போய்ப் போனைக் காட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். முப்பது வருடம் ஆவணம் பார்த்த கண். எது உறுதியான சான்று, எது பொய்ச் சான்று என்று அதற்குத் தெரியும்.

"மஞ்சளா?"

"நான்தான் ஊத்துனேன். என் கையால."

அவர் முகம் வெளிறிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு ஒண்ணும் பேசாத காஞ்சனா. வேற தேதி வாங்கிக்கிடுதேன். வீட்டுக்குள்ள வச்சுப் பேசி முடிச்சுக்கிடலாம்."

"நோட்டீஸை வீட்டுக்குள்ளயா ஒட்டுனீங்க?"

 'மூன்றாம் மாடி வீட்டாரின் அலட்சியத்தால்' என்று தொடங்கும் அறிவிப்பு, அவருடைய முத்தான கையெழுத்தில், கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் ஐந்து மாதமாகத் தொங்குகிறது. பால்காரரும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரும்கூடப் படித்துவிட்டார்கள். சேக் முகைதீன் தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வருகிறார்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

சமரசம் பேச அமர்ந்திருந்த வழக்கறிஞர் யுவராணிக்கு நாற்பது வயது இருக்கும். முதலில் நவநீதகிருஷ்ணன் ஆரம்பித்தார். அவர் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், மேடை கிடைத்தால் இரண்டும்.

"அம்மா, சங்கம் எந்தப் பக்கமும் சாயாது. ஆனா, அஞ்சு வேளையும் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா கட்டடம் எம்புட்டுத்தான் தாங்கும்? எங்க வீட்டம்மாகூட, 'அய்யய்யோ, ஏமண்டி இது அநியாயம்'னு கேக்குறா."

"சார், செத்த நேரம் இருங்க" என்று கையமர்த்திய யுவராணி மனுவைப் புரட்டினார். "மனுவுலயும் இப்படி ஒரு வரி இருக்கே. எல்லாரும் கேட்டுக்கோங்க. 'மேற்படி வீட்டார் தினமும் ஐந்து முறை தொழுகைக்கென மிகுதியாக நீர் புழங்குவதாலும், அந்நீரைக் கவனமின்றி வழியவிடுவதாலும், மனுதாரரின் இல்லம் பெருஞ்சேதத்துக்கு உள்ளாகியிருப்பது யாதெனில்...'"

எழுதும்போது ஆராவமுதனுக்கு அந்த வரி பிடித்திருந்தது. 'யாதெனில்' என்று முடித்ததில் ஒரு திருப்திகூட இருந்தது. இப்போது இன்னொருவர் வாயால் கேட்டார். எதிரே நூர்பானு உட்கார்ந்திருந்தாள். அவள் தலை குனியவில்லை, நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொழப் போறதுக்கு முன்னால நாங்க கை கால் கழுவுற தண்ணி ஒரு செம்புகூட வராது அண்ணாச்சி" என்றாள். "வீணாக்கப்படாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க."

 காஞ்சனா போனை எடுக்கப் பையில் கை விட்டாள்.

ஆராவமுதன் எழுந்து நின்றார்.

"அந்த வரியை அடிச்சிருங்கம்மா."

"எந்த வரியை?"

"எல்லா வரியையும். நான் சொல்லச் சொல்ல வேற எழுதிக்கோங்க." மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலில் சந்நிதிக்கு முன்னால் நிற்கும்போது அப்படித்தான் கட்டுவார். "தண்ணி அவங்க வீட்டுது இல்ல. என்னுது. பெருமாளுக்குன்னு யாரையும் கேக்காம நான் போட்ட பைப்பு அவங்க சுவருக்குள்ள உடைஞ்சு கெடக்கு. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. என் வீட்டம்மா கண்டுபிடிச்சா. அஞ்சு வேளை தண்ணி ஊத்துறாங்கன்னு எழுதுன நானும், காலையிலயும் சாயங்காலமும் சாமிக்குத் தண்ணி ஊத்துறவன்தான். என் தண்ணிதான் ஒழுகியிருக்கு."

குரல் கடைசியில் உடைந்தது. நூர்பானு பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்புப் பண்ணிட்டேன்மா."

காஞ்சனாவுக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தது. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் இந்த மனுஷன் இவ்வளவு உயரமாக நின்று அவள் பார்த்ததில்லை.

நவநீதகிருஷ்ணன் வாயைத் திறந்து மூடினார். "அப்ப... அந்த டேங்கா? நான் தினம் கும்பிட்டேனேய்யா அதை!"

யுவராணிக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பேச்சைத் தெளிவாகவே வைத்தார். "ஒரு வீட்டுப் பாத்ரூம் ஒழுகினா அந்த வீட்டுக்காரங்க பொறுப்பு. பொதுப் பைப்பு ஒழுகினா சங்கம் பொறுப்பு. ஒருத்தர் தனக்குன்னு போட்டுக்கிட்டது ஒழுகினா, அது யாரு சுவருக்குள்ள ஓடினாலும் அவர்தான் பொறுப்பு. இதைத்தான சார் நீங்க முதல்ல பாத்திருக்கணும்? யாரு பைப்புன்னு பாக்காமலே தண்ணிய நிறுத்தத் தீர்மானம் போட்டிருக்கீங்க."

"வாபஸ் வாங்கிருதோம்" என்றார் செயலாளர் அவசரமாக.

"அம்மா, உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க, எழுதிருவோம்" என்று நூர்பானுவைக் கேட்டார் யுவராணி.

நூர்பானு தயாராக இருந்தாள். ஐந்து மாதமாக யோசித்து வைத்தது.

"இவிய வீட்டுக் கூரையை எப்படிச் சரி பண்ணுதாங்களோ, அதே மாதிரி எங்க பாத்ரூம் சுவரையும் தரையையும் சரி பண்ணிக் குடுக்கணும். பொறவு, அந்தப் பலகையில ஒரு நோட்டீஸ் வேணும். அதே இடத்துல, அதே அளவுல, அண்ணாச்சி கையெழுத்துலயே. டைப் அடிச்சதெல்லாம் எனக்கு வேண்டாம்."

"இன்னைக்கே எழுதுதேன்" என்றார் ஆராவமுதன்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் காரில் ஏறச் சொன்ன செயலாளருக்கு "நான் பஸ்ஸுல வாரேன்" என்று ஆராவமுதன் சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்தருகே நூர்பானு பால்கோவா வாங்கினாள். வழக்கமாக வாங்கும் கால் கிலோ போதவில்லை. குடியிருப்பில் எத்தனை வீடு என்று விரல் விட்டு எண்ணி, அத்தனை பொட்டலம். முதல் பொட்டலம் நவநீதகிருஷ்ணன் வீட்டுக்கு என்று தனியாக எடுத்து வைத்தாள். வெற்றியைக் கொண்டாடத் தெரிந்தவள்!

மூன்று மணிக்கு, கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து ஆராவமுதன் எழுதினார். ஸ்ரீப்ரியா பக்கத்தில் நின்று பழைய நோட்டீஸை அளந்து காட்டினாள். பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை.

'இரண்டாம் மாடியில் நீர் சொட்டியதற்குக் காரணம் நான் அனுமதியின்றிப் பதித்த குழாய். மூன்றாம் மாடி வீட்டாரின் மேல் நான் எழுதியது தவறு. இரண்டு வீட்டுச் சேதமும் என் பொறுப்பில் சரிசெய்யப்படும். ஆராவமுதன்.'

ஒரு 'யாதெனில்' கூட இல்லை.

சேதி கேட்டுக் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த சேக் முகைதீன் பலகை முன்னால் நின்று இரண்டு தடவை படித்தார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அங்கேயே நின்று புரோக்கரைக் கூப்பிட்டார். "ஏலே பொன்னுராஜ், அந்த வீட்டு விஷயத்தை விட்டுருப்பா. விக்கிறதுக்கு இல்ல. ஆமா, இல்ல." சத்தமாகவே சொன்னார். மூன்று மாடிக்கும் கேட்டது.

அப்புறம் ஆராவமுதனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.  பேசத் தெரியாத ஆம்பளைகள்.

கதை இதோடு முடிந்திருக்கும். பெலிக்ஸ் முடியவிடவில்லை.

"பழைய பைப்பு செத்துப்போச்சு சார். சுவருக்குள்ள இனி விடக்கூடாது" என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து சொன்னான். "டேங்குக்குச் சங்கத்துல எழுதி அனுமதி வாங்கிருங்க. புதுப் பைப்பை வெளியில தெரியுற மாதிரிதான் இறக்கணும். அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. பானுக்கா வீட்டுப் பால்கனிச் சுவர்ல கிளாம்ப் அடிச்சு இறக்கணும். அவங்க சம்மதக் கையெழுத்து வேணும்."

ஆராவமுதன் அரை மணி நேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். இன்று காலைதான் அவ்வளவு பெரிய மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சாயங்காலமே போய்ச் சுவரைக் கேட்பது எப்படி? கடைசியில் ஒரு தாளில் விண்ணப்பம் எழுதினார். மூன்றே வரி. நேரில் போய்க் கொடுக்க வெட்கப்பட்டார்.

அப்போதுதான் பால்கனியில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. காஞ்சனா ஓடிப்போய்ப் பார்த்தாள்.

நைலான் கயிற்றில் சின்ன வாளி. உள்ளே இந்த வார இதழும் ஒரு பால்கோவாப் பொட்டலமும்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டையும் எடுத்துக்கொண்டு, விண்ணப்பத்தை வாளிக்குள் வைத்துக் கயிற்றை இரண்டு முறை இழுத்தாள். வாளி ஏறியது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. வாளி இறங்கியது. தாள் இருந்தது. கையெழுத்து இல்லை. அடியில் நூர்பானுவின் கோணல் எழுத்தில் எழுதியிருந்ததை ஸ்ரீப்ரியா உரக்கப் படித்தாள்.

"'அண்ணாச்சி, இனிமே பைப்பு எல்லாரும் பாக்குற மாதிரி எங்க வீட்டுச் சுவரு வழியாத்தான் வரும். அது பெருமாளுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க. பொறவு நான் கையெழுத்துப் போடுதேன்.'"

ஸ்ரீப்ரியா சிரித்தாள். காஞ்சனாவும் சிரித்துக்கொண்டே, "ரெண்டு வருசமா அந்தச் சுவரு வழியா வந்த தண்ணியிலதான் பெருமாளே சாப்பிட்டாரு. ஒரு நாளாவது வேண்டாம்னாரா?" என்றாள்.

ஆராவமுதன் சிரிக்கவில்லை. தாளை வாங்கி இன்னொரு தடவை படித்தார். கை கால் கழுவிக்கொண்டார். மெதுவாகப் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "வாளியைத் தூக்கவாக்கா?"

காஞ்சனா பால்கனிக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தாள்.

"செத்த நேரம் பொறு பானு. உள்ள கேட்டுக்கிட்டிருக்காரு."